மைக்கைப் பிடுங்குங்கள், கதவைத் திறவுங்கள்



போதையில் சிக்கிய வாலிபர் நடுவே நாம் செய்யும் ஊழியத்தைப் பற்றிப் பேசச் சொன்னீர்கள். புகழ்ந்துவிட்டு உட்கார நான் வரவில்லை. நாம் செய்வதில் பாதி ஊழியமே இல்லை என்று சொல்ல வந்திருக்கிறேன். கோபப்படுகிறவர்கள் படுங்கள். முழுவதும் கேட்டுவிட்டுக் கோபப்படுங்கள்.

நம் வழக்கம் என்ன? ஒரு பையன் கஞ்சாவில் தொடங்குகிறான். பிறகு வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றப் பழகுகிறான். அம்மா அவனைக் கன்வென்ஷனுக்கு இழுத்து வருகிறாள். தலையில் கைவைத்து ஜெபிக்கிறோம். அவன் தேம்பி அழுகிறான். அந்த அழுகை பொய்யில்லை, அதை நான் ஒருநாளும் கேலி செய்யமாட்டேன். ஆனால் மூன்றாவது வாரமே அவன் கையில் மைக்கைக் கொடுத்துச் சாட்சி சொல்ல வைக்கிறோம். வீடியோ எடுத்து ஊரெல்லாம் அனுப்புகிறோம். நான்காவது வாரம் அவன் எங்கே தூங்கினான், ராத்திரி பதினொரு மணிக்கு அவனை போனில் கூப்பிட்டது யார் என்று நம்மில் ஒருவராவது விசாரித்தாரா? ஆறாவது வாரம் விழுகிறான். உடனே நம் வாயில் தயாராக ஒரு பெயர் இருக்கிறது: பின்மாற்றக்காரன்.

அந்தச் சொல் ஆளைக் கொல்லும். அலங்காரத்துக்காகச் சொல்லவில்லை. ஹெராயினுக்கும் அதே இனத்து வலி மாத்திரைகளுக்கும் பழகிய உடம்பு, சில வாரம் அவை இல்லாமல் இருந்தால், தாங்கும் சக்தியை இழந்துவிடும். வெட்கத்தில் சபைப் பக்கமே வராமல் ஒளிந்துகொள்கிற பையன் தனியாக உட்கார்ந்து பழைய அளவையே ஏற்றிக்கொண்டால் மூச்சு அடங்கிவிடும். விழுந்த அன்றே நம்மிடம் ஓடிவரலாம் என்ற தைரியம் அவனுக்கு இருந்திருந்தால் பிழைத்திருப்பான். அந்தத் தைரியத்தைப் பறித்தது நாம்.

பெயர்பெற்ற ஊழியர்களை மேடைதோறும் சொல்கிறோம். 1958-ல் பென்சில்வேனியாவின் சிற்றூர் ஒன்றில் போதகராக இருந்தார் டேவிட் வில்கர்சன். கொலை வழக்கில் நிற்கும் ஏழு வாலிபரின் ஓவியத்தை லைஃப் பத்திரிகையில் பார்த்து நியூயார்க்குக்குப் போனார். நீதிபதியிடம் பேச முயன்றவரை நீதிமன்றத்திலிருந்து வெளியே தள்ளினார்கள். வேதாகமத்தைத் தூக்கிப் பிடித்தபடி அவர் நின்ற படம் பத்திரிகையில் வந்தது, மானம் போனது. ஆனால் தெருப் பையன்கள் அந்தப் படத்தைப் பார்த்துத்தான் அவரைக் கிட்டே சேர்த்தார்கள். போலீஸ் விரட்டின ஆள் நம்ம ஆள் என்று நினைத்தார்கள். நாம் தெருக் கும்பல் தலைவன் நிக்கி குரூஸ் மனந்திரும்பியதை மட்டும் சொல்கிறோம். அதன்பின் புரூக்ளினில் வில்கர்சன் ஒரு வீட்டைப் பிடித்தாரே, அதைச் சொல்வதில்லை. அப்படி வளர்ந்த டீன் சேலஞ்ச் என்ற மறுவாழ்வு இல்லங்களில் ஒருவன் ஓராண்டும் அதற்கு மேலும் தங்குகிறான். நாம் மூன்றாவது வாரம் மைக்கைக் கொடுக்கிறோம்.

ஜாக்கி புல்லிங்கர் கதை இன்னும் ஆழமானது. லண்டனில் இசை படித்த பெண். எந்த மிஷனரி சங்கமும் அவரை அனுப்பச் சம்மதிக்கவில்லை. 1966-ல், 22 வயதில், தானாகவே கப்பலேறி ஹாங்காங்கில் இறங்கினார். அங்கே கவுலூன் மதில் நகரம் என்று ஓர் இடம். பிரிட்டனோடு செய்த 1898 ஒப்பந்தத்தில் சீனா அதை விட்டுக்கொடுக்கவில்லை. பிரிட்டன் அதைச் சரியாக ஆளவுமில்லை. ஏழு ஏக்கருக்கும் குறைவான நிலம். பின்னாளில் அதற்குள் 30,000-க்கும் மேற்பட்ட உயிர்கள். சூரியன் எட்டாத சந்துகளில் அபினும் ஹெராயினும் ஓடின. ட்ரையட் என்ற சீனக் குற்றக் கும்பல்கள்தான் அங்கே சட்டம்.

அந்தச் சந்துக்குள் அவர் பையன்களுக்காக ஒரு மன்றம் வைத்தார். ஒருநாள் அதை உடைத்து நாசம் செய்தார்கள். அவர் மறுபடி திறந்தார். அதைப் பார்த்த கும்பல் தலைவனே காவலுக்குத் தன் ஆளை நிறுத்தினான். காவலுக்கு வந்தவனும் உள்ளே நடப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தான். ஆண்டுகள் போனபின் அவர் ஒன்றைக் கண்டுகொண்டார்: ஜெபத்தில் விடுபட்ட பையனை அதே சந்துக்குத் திருப்பி அனுப்பினால் அந்தச் சந்து அவனை விழுங்கிவிடும். ஆகவே தன் வீட்டிலேயே படுக்க வைத்தார். புதிதாக வந்தவனை இரவும் பகலும் தனியே விடாமல் கூட ஆள் இருந்தது. 1981-ல் அவருடைய செயின்ட் ஸ்டீபன்ஸ் சொசைட்டி பிறந்தது இந்த வழியில்தான். 1993-94-ல் மதில் நகரத்தை இடித்தார்கள்; இன்று அங்கே பூங்கா இருக்கிறது. அவர் வீட்டில் தங்கிய பையன்கள் வலியில்லாமல் ஹெராயினை விட்டதாகச் சாட்சி சொல்கிறார்கள். கர்த்தர் செய்ததை அளக்க நான் யார்? ஆனால் அந்த அம்மா கொடுத்த படுக்கையை விட்டுவிட்டு அற்புதத்தை மட்டும் எடுத்துக்கொண்டோமே, அதைத்தான் கேட்கிறேன்.

தடியெடுத்தால் திருந்துவான் என்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. மியான்மாரின் கச்சின் மாநிலத்தில், ஹெராயினுக்குப் பிள்ளைகளைப் பலிகொடுத்த சபையார் 2014-ல் பட் ஜசான் என்ற இயக்கத்தைத் தொடங்கினார்கள். அவர்கள் கண்ணீர் உண்மை. ஆனால் சீருடை போட்டு, போதைக்காரரைப் பிடித்து, அடித்து, அடைத்து வைத்தார்கள். அபின் தரும் கசகசாச் செடிகளை அழிக்கப் புறப்பட்டவர்கள் 2016-ல் வைங்மோ பக்கத்தில் தாக்கப்பட்டார்கள், பலர் காயப்பட்டார்கள். அடிக்குப் பயந்தவன் ஒளிவான். ஒளிந்தவனை நீங்கள் எப்படிக் குணமாக்குவீர்கள்?

இனி மருந்து விஷயம். விசுவாசம் இருந்தால் மாத்திரை எதற்கு என்று மேடையில் கேட்கிறோம். சர்க்கரைக்கு மாத்திரை போட்டுவிட்டு வந்துதான் கேட்கிறோம். நெடுநாள் குடித்தவன் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், பிதற்றல் வரலாம், உயிரும் போகலாம். அவனை மருத்துவரிடம் காட்டாமல் உபவாச ஜெபத்தில் பூட்டி வைப்பவன் ஊழியக்காரன் இல்லை, குற்றவாளி. நல்ல சமாரியன் என்ன செய்தான்? காயத்தில் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் கட்டினான். தன் வாகனத்தில் ஏற்றினான். சத்திரத்தில் சேர்த்தான். பணம் கொடுத்தான். செலவு மிஞ்சினால் திரும்பி வரும்போது தருகிறேன் என்று பொறுப்பேற்றான். அடிபட்டவனிடம் அவன் சாட்சி கேட்கவேயில்லை.

போலீஸுக்குப் பயந்து பிள்ளையை மறைக்கிற தாய்மார்களே, கேளுங்கள். 1985-ம் வருட போதைப்பொருள் சட்டத்தில் 64ஏ என்றொரு பிரிவு இருக்கிறது. போதைக்கு அடிமையானவன், சிறிய அளவோடு பிடிபட்டிருந்தாலும் பயன்படுத்திய குற்றத்துக்கு ஆளாகியிருந்தாலும், தானே முன்வந்து அரசு நடத்தும் அல்லது அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை எடுத்தால் அவனுக்கு வழக்கிலிருந்து பாதுகாப்பு உண்டு. பாதியில் விட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடலாம். கட்டணமில்லாத உதவி எண் 14446. எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எண்ணை ஆலயக் கதவில் ஒட்டுங்கள்.

பணமில்லை என்று சேகரக் கமிட்டியார் சொல்வார்கள். அசனத்துக்கும் கன்வென்ஷன் பந்தலுக்கும் எல்.ஈ.டி. திரைக்கும் நம்மால் திரட்ட முடிகிறது. அது இருக்கட்டும், பணமே கேட்கவில்லை. 1935-ல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் இரண்டு குடிகாரர்கள் ஒருவரையொருவர் தாங்கிப் பிடித்ததில் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் பிறந்தது. இன்றைக்கும் உலகத்தின் எத்தனையோ ஆலயங்களின் அறைகளில்தான் அவர்கள் கூடுகிறார்கள். ஒரு அறை, சில நாற்காலி, தேநீர். அவ்வளவுதான் செலவு.

நம் சேகர மண்டபம் திங்கள் முதல் வெள்ளி வரை பூட்டியே கிடக்கிறது. வாரத்தில் ஒரே ஒரு மாலை அதைத் திறந்து கொடுங்கள். நம் பையன்கள் சிகரெட் நாற்றத்தோடு வருவார்கள், தாமதமாக வருவார்கள், சில வாரம் வராமலே இருப்பார்கள். பெயர் கேட்காதீர்கள், மைக் கொடுக்காதீர்கள். விழுந்தவன் எட்டாவது முறை வந்தாலும் முதல்முறை கொடுத்த அதே நாற்காலியைக் கொடுங்கள். சாவி எந்தக் கமிட்டி அங்கத்தினரிடம் இருக்கிறதோ, அவரைக் கேட்கிறேன்: கூட்டம் கலைவதற்குள் அதைத் தாருங்கள். வாங்கிக்கொண்டு போகத்தான் வந்தேன்.