சிறிய பணப்பையும் நீண்ட லென்ஸும்



பிழைப்பின் பொருட்டு மும்பையிலும் தில்லியிலும் கொல்கத்தாவிலும் குடியேறிய நம்மவர் பலர், திருப்பதி யாத்திரை வந்தால் மலையிறங்கித் திருச்சானூரில் தாயாரையும் சேவித்துவிட்டே ஊர் திரும்புகிறார்கள். அவர்களுள் காமிராவைத் தோளில் மாட்டி வருகிற அன்பர்கள், இவ்வூரில் வளர்ந்தவனாகிய என்னிடம் வழக்கமாகக் கேட்பது ஒன்று: "டெலிபோட்டோ லென்ஸ் வாங்க ஆசை, கையில் பணம் சொற்பம், எதை வாங்கலாம்?" வீட்டாரின் முணுமுணுப்பினூடே மாதாமாதம் மிச்சம் பிடித்த பணமல்லவா! அது வீணாகலாகாது.

எதைப் படம் பிடிக்கப் போகிறீர்கள் என்று நான் திருப்பிக் கேட்பேன். திருச்சானூரில் கார்த்திகைப் பிரம்மோற்சவம் நடைபெறும் ஒன்பது நாட்களில் வீதியில் வாகன சேவை உண்டு. கோயிலுக்குள் காமிராவுக்கு இடமில்லை. வீதியில்தான் படமெடுக்க வேண்டும். இரவு வாகனத்துக்கு நீளம் முக்கியமல்ல, ஒளியே முக்கியம். எஃப் 1.8 துவாரமுள்ள 85 மில்லிமீட்டர் லென்ஸ், எஃப் 5.6 துவாரமுள்ள நீண்ட ஜூம் லென்ஸைக் காட்டிலும் ஏறத்தாழ பத்து மடங்கு ஒளியை உள்ளே விடும். விலையிலும் அது எளியதே.

பறவை வேண்டுமென்றால் கதை வேறு. திருச்சானூரிலிருந்து ஸ்ரீகாளஹஸ்தி, நாயுடுப்பேட்டை வழியே சென்றால், சூளூர்ப்பேட்டைக்கு அருகே நேலபட்டு என்னும் சரணாலயம் இருக்கிறது. ஏரி நீரில் நிற்கும் மரங்களின் மேல் கூழைக்கடாக்கள் கூடு கட்டும். பறவையின் நீளம் சுமார் 1.4 மீட்டர். ஐம்பது மீட்டர் தொலைவிலிருந்து 50 மில்லிமீட்டர் லென்ஸில் பார்த்தால் அதன் பிம்பம் 1.4 மில்லிமீட்டர்தான்; 300 மில்லிமீட்டரில் 8.4 மில்லிமீட்டர். சிறிய சென்சாருள்ள சாதாரணக் காமிராவில் இது படத்தின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். இது போதும். போதாதென்று கூட்டை நெருங்கினால் தாய்ப்பறவை எழுந்துவிடும். முட்டையும் குஞ்சும் வெயிலுக்கும் காக்கைக்கும் இரையாகும். நீண்ட லென்ஸுக்குக் கொடுக்கும் விலை, நாம் எட்டி நிற்பதற்குக் கொடுக்கும் விலையேயாகும்.

இதை எண்ணித்தான் நான் ஒரு முறை ஏமாந்தேன். பெருநகரக் கடையொன்றில் 500 மில்லிமீட்டர் கண்ணாடி லென்ஸ் ஒன்று மலிவாகக் கிடைத்தது. உள்ளே வளைந்த ஆடிகளை வைத்து நீளத்தைக் குறுக்கிய வகை அது, கைக்கடக்கம். பெருமிதத்துடன் நேலபட்டுக்கு எடுத்துச் சென்றேன். துவாரமோ எஃப் 8 என்று நிலைத்தது. குறைக்கவும் முடியாது, கூட்டவும் முடியாது. குவியத்தைக் கையால் திருப்ப வேண்டும்; கை நடுக்கத்தைச் சமன் செய்யும் அமைப்பும் கிடையாது. அன்று வீடு வந்து பார்த்தால் நூறு படங்களில் நான்கில்தான் கண் தெளிவாக இருந்தது. ஆடி முக்காலியின் மேல் அதே லென்ஸ் பின்னர் நன்றாகவே வேலை செய்தது என்பதையும் சொல்ல வேண்டும். குற்றம் லென்ஸினுடையதன்று, என் அவசரத்தினுடையது.

ஆகவே சிறிய பணப்பையுள்ளவர்களுக்கு என் யோசனை, காமிராக் கம்பெனியே செய்த, நடுக்கம் சமன் செய்யும் 55-250 அல்லது 70-300 வகை ஜூம் லென்ஸைப் பழைய விலையில் தேடுவதே. வாங்குமுன் ஒரு சிறு டார்ச் விளக்கை ஒரு முனையில் பிடித்து மறுமுனையில் பாருங்கள். சிலந்தி வலை போன்ற இழைகள் தெரிந்தால் அது பூஞ்சை. நம் கடற்கரை ஊர்களின் ஈரத்தில் எளிதில் பிடிக்கும். அத்தகையதைத் தள்ளிவிடுங்கள். பழைய 135 மில்லிமீட்டர் திருகு லென்ஸை அடாப்டர் கொண்டு மாட்டுவோரும் உண்டு. அது கண்ணாடியற்ற புதிய காமிராக்களில் நன்கு பொருந்தும். நிக்கானின் பழைய எஸ்.எல்.ஆர். உடலிலோ, இடையே திருத்தும் கண்ணாடி ஒன்றில்லாவிடில் தொலைதூரம் தெளிவாகாது. கன்வர்ட்டரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை: இரு மடங்கு கன்வர்ட்டர் நீளத்தை இரட்டிக்கும், ஒளியை நான்கில் ஒன்றாக்கும்.

மலிவான கருவியால் என்ன சாதிக்க முடியும் என்போருக்கு மா. கிருஷ்ணனைச் சொல்வேன். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் புதல்வர், 1912இல் பிறந்து 1996இல் மறைந்தவர். ஒரு கம்பெனியின் காமிரா உடலோடு வேறொரு கம்பெனியின் டெலிலென்ஸைச் சேர்த்து, அந்தக் கதம்பத்துக்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று வேடிக்கையாகப் பெயரிட்டு, அதைக் கொண்டே யானைகளையும் மான்களையும் கறுப்பு வெள்ளையில் எடுத்தார். 1970இல் பத்மஸ்ரீ பெற்றார். காட்டில் காத்திருப்பதற்கு அவருக்கிருந்த பொறுமையை மட்டும் எந்தக் கடையிலும் வாங்க இயலாது.

இன்னொன்று. வெயில் ஏறியபின் பழவேற்காட்டு ஏரியின் மேல் காற்று அலைபோல நடுங்கும். அப்போது எவ்வளவு உயர்ந்த லென்ஸாயினும் பூநாரைகள் குழம்பித்தான் தெரியும். விடியுமுன் சூளூர்ப்பேட்டையில் இறங்கிவிடுங்கள். பெருநகரங்களில் நாள் வாடகைக்கு லென்ஸ் கொடுக்கும் கடைகளும் உள்ளன. யாத்திரைக்குப் புறப்படுமுன் ஒரு 70-300ஐ இரண்டு நாள் எடுத்து, உங்கள் தெருமுனைக் காக்கையின் மேல் பழகிப் பாருங்கள். கை நடுங்குகிறதா, எடை தாளுகிறதா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.