"பதலி" யாருக்குப் பதில்?



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது ஒரு சின்ன வார்த்தை. "பதலி" என்பது அது. "பதிலி" என்றும் சொல்லுவார்கள். நாம் பண்டிதரல்ல. ஆனால் ஒரு வார்த்தையால் லாபம் யாருக்கு, நஷ்டம் யாருக்கு என்று கேட்பதற்குப் பண்டிதராயிருக்க வேண்டியதில்லை.

மாற்று என்று பொருள்படும் "பதல்" என்ற அரபிச் சொல்தான் இந்துஸ்தானி வழியாக வந்து நம்மிடம் "பதில்" ஆயிற்று. ஒருவர் இடத்தில் மற்றொருவர் நிற்பதும் பதில்; கேட்ட கேள்விக்குச் சொல்லுவதும் பதில். வடநாட்டில் உத்தியோகஸ்தருக்குப் "பத்லி" என்றால் ஊர் மாற்றம். அவருக்கு ஊர் மாறும், சம்பளம் நிற்காது. பஞ்சாலைத் தொழிலாளி பதலியானாலோ ஊர் மாறாது. கூலிதான் இன்று உண்டு, நாளை இல்லை. ஒரே வார்த்தை ஆளுக்குத் தகுந்தபடி எப்படி அர்த்தம் மாறுகிறது பாருங்கள்!

நிரந்தரத் தொழிலாளி ஒருவர் காய்ச்சலென்று வரவில்லையானால், அவருடைய மிஷினை அன்றைக்குப் பார்த்துக்கொள்ளுகிறவர் பதலி. இதில் தப்பொன்றுமில்லை. ஆனால் வாசலில் நிற்கும் பலரில் யாரை உள்ளே விடுவது என்பது மேஸ்திரி கையில் இருந்ததால் மாமூல் வந்து சேர்ந்தது. 1929-ல் ஏற்பட்ட விட்லி கமிஷன், 1931-ல் வெளியிட்ட அறிக்கையில் வேலைக்காக லஞ்சம் வாங்கும் இந்த வழக்கத்தைக் கண்டித்தது. 1935-ல் பம்பாய் மில் முதலாளிகள் பதலிகளுக்குச் சீட்டுக் கொடுக்கும் முறை கொண்டுவந்தார்கள். சீட்டு வாங்கினவர் தினமும் காலையில் வாசலில் ஆஜராக வேண்டும். வேலை இருந்தால் கூலி. இல்லையானால் வந்த வழியே நடை!

1947-ம் வருஷத்துத் தொழில் தகராறு சட்டத்தில் 1953-ல் ஒரு விளக்கம் சேர்த்தார்கள். மஸ்டர் ரோலில் பேருள்ள இன்னொருவருக்குப் பதிலாக வேலை செய்பவரே பதலி என்றும், ஒரு வருஷம் தொடர்ந்து வேலை செய்துவிட்டால் அவரைப் பதலியாகக் கருதக்கூடாது என்றும் அது சொல்லிற்று. 12 மாதத்தில் 240 நாள் வேலை செய்தால் அது ஒரு வருஷக் கணக்கு. தமிழ்நாட்டில் 1981-ல் இயற்றிய சட்டமோ, 24 மாதத்தில் 480 நாள் வேலை செய்தவரை நிரந்தரமாக்க வேண்டுமென்று விதித்தது. உடனே என்ன தந்திரம் செய்தார்கள்? கணக்கு நிறையும் சமயம் பார்த்துச் சில நாள் நிறுத்திவைத்து, மறுபடியும் ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பித்தார்கள்.

ஒரு ஆலை வாசலில் நாம் ஒரு தோழரைக் கேட்டோம்: "எத்தனை வருஷமாகப் பதலி?"

"பதினொரு வருஷமாச்சுங்கண்ணா."

"யாருக்குப் பதிலாக?"

அவர் விழித்தார். "அது தெரியாதுங்கண்ணா. எல்லாம் தலையெழுத்து" என்றார்.

தோழர்களே! பதினொரு வருஷமாக லீவில் இருக்கும் ஆசாமி எவன்? அப்படி ஒருவன் இல்லையானால் இவர் எப்படிப் பதலியாவார்? இல்லாதவனை இருப்பதாகச் சொல்லி, இருப்பவரை இல்லாதவராக ஆக்குவது பித்தலாட்டமல்லவா? அவர் தலையில் யாரும் எழுதவில்லை. மஸ்டர் ரோலில் ஒரு குமாஸ்தா எழுதாமல் விட்டார், அவ்வளவுதான். தலையெழுத்தை மாற்ற முடியாது என்பார்கள். மஸ்டர் எழுத்தை மாற்ற ஒரு பேனா போதும். அதைக் கேட்க ஒரு சங்கம் வேண்டும்.

இன்று "தற்காலிகம்", "தினக்கூலி", "தொகுப்பூதியம்" என்று புதுப் பெயர்கள் வந்திருக்கின்றன. பெயரைக் கண்டு ஏமாறாதீர்கள். வேலை செய்த நாளை உங்கள் கையாலேயே ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். எந்தப் பெயர் சொன்னாலும் இரண்டு கேள்வி கேளுங்கள்: யாருக்குப் பதில்? எத்தனை நாளைக்கு? பதிலாக நின்றது போதும்; இனி பதில் கேட்க வேண்டும்.