கைவினையும் கையொப்பமும்

கடைவீதிக்குச் செல்வோர் இருவகையினர். வேண்டிய பொருள்களைப் பட்டியலிட்டுக்கொண்டு போய் வாங்கி வருவோர் ஒரு வகை. ஒன்றும் வேண்டாமலே போய், கண்ணுக்கு விருந்தளித்து மீள்வோர் மற்றொரு வகை. சென்ற குளிர்காலத்தில் ஒரு சனிக்கிழமையன்று, புதுதில்லியில், நாங்கள் இந்த இரண்டாம் வகையினராகவே வீட்டை விட்டுப் புறப்பட்டோம். எங்களுடன் வந்தவள் தமக்கையின் மகள். கோயம்புத்தூரில் துணி வடிவமைப்புப் பயில்பவள். விடுமுறைக்காகத் தலைநகர் வந்திருந்தாள். இந்நகரின் ஓவியக் கூடங்களையும், கைவினைக் கடைகளையும், ஆடை மாளிகைகளையும் ஒரே நாளில் பார்த்துவிட வேண்டும் என்பது அவள் ஆசை. அவளுக்கு ஊரைச் சுற்றிக் காட்டுவதாக எண்ணித்தான் நாங்கள் கிளம்பினோம்.

முதலில் மண்டி ஹவுசுக்கு அருகில், தான்சேன் சாலையில் உள்ள திரிவேணி கலா சங்கத்திற்குச் சென்றோம். 1950ஆம் ஆண்டில் சுந்தரி ஸ்ரீதராணி அம்மையார் நிறுவிய கலைக்கழகம் இது. இப்போதுள்ள கட்டடத்தை வகுத்தவர் ஜோசப் ஆலன் ஸ்டைன் என்னும் கட்டடக் கலைஞர். 1963ஆம் ஆண்டில் திறக்கப்பெற்றது. துளையிட்ட சுவர்களின் வழியே இளவெயில் கோலமிட, திறந்தவெளி அரங்கின் புல்தரை பசுமையாகக் கிடந்தது. உள்ளே ஓவியக் கண்காட்சி. ஒவ்வோர் ஓவியத்தின் அருகிலும் சிறு அட்டை ஒன்று. அதில் ஓவியரின் பெயர், வரைந்த ஆண்டு, கையாண்ட வண்ணம், விலை ஆகியவை முறையே அச்சிடப்பட்டிருந்தன. ஓவியத்தின் மூலையிலும் வரைந்தவரின் கையொப்பம் இருந்தது.

"படத்தைக் காட்டிலும் பெயருக்கு அல்லவா விலை கூடுதல் போலிருக்கிறது!" என்றார் இல்லத்தரசியார். அவர் கூற்றில் உண்மை இல்லாமலில்லை. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 1994ஆம் ஆண்டு செய்த திருத்தத்தின்படி, ஓவியம் மறுவிற்பனையாகிக் குறிப்பிட்ட தொகையை மிஞ்சும்போது, அவ்விலையில் பங்கு பெறும் உரிமையும் ஓவியருக்கு உண்டு. கையொப்பம் என்பது வெறும் அழகுக்காக இட்டதன்று. அது உரிமையின் அடையாளம்.

அங்கிருந்து கனாட் பிளேஸ் வட்டத்திற்கு வந்தோம். அங்கே ஓர் ஆடை மாளிகையுள் நுழைந்தோம். கண்ணாடிப் பேழையில் வைரம் வைப்பதுபோல, வெண்ணிறக் குர்த்தா ஒன்றைத் தனியே தொங்கவிட்டிருந்தார்கள். லக்னோ நகரத்துச் சிக்கன் வேலைப்பாடு. பின் கழுத்தில், ஆடை வடிவமைப்பாளரின் பெயர் பொன்னிற நூலால் பொறித்திருந்தது. விலையைப் பார்த்தோம், மூச்சை அடக்கிக்கொண்டோம். ஆனால் "குறைத்துத் தருவீர்களா?" என்று கேட்க எவருக்கும் நா எழவில்லை.

அப்போது அந்தப் பெண் விற்பனையாளரிடம் கேட்டாள்: "இந்தப் பூவைத் தைத்தவர் யார்?" அவர் பணிவுடன், "லக்னோவிலிருந்து வருகிறது, அம்மா" என்று மட்டும் விடையளித்தார்.

சிக்கன் வேலை ஒரு கையால் முடிவதன்று. மரக்கட்டையில் செதுக்கிய உருவைத் துவைத்தால் போய்விடும் நீலச் சாயத்தில் தோய்த்து, துணியின்மேல் ஒற்றுவார் ஒருவர். அந்த நீலக் கோட்டின் வழியே ஊசி செலுத்துவோர் வேறு. இவர்களுள் பெரும்பாலோர் வீட்டில் இருந்தபடியே தைக்கும் பெண்கள். தைத்து முடிந்தபின், நீலம் நீங்கி வெண்மை ஒளிர வெளுப்பவர் இன்னொருவர். இத்தனை பேர் உழைத்த ஆடையில் ஒருவர் பெயரே நின்றது. வடிவம் வகுத்தவர் தம் பெயரை இடுவது தவறன்று; அதுவும் உழைப்பே. ஏனையோர் பெயர்கள் எங்கே என்பதுதான் அவள் கேள்வி. அன்று முழுவதும் அக்கேள்வி எங்களுடன் கூடவே நடந்து வந்தது.

பிற்பகலில் பாபா கரக் சிங் சாலைக்குச் சென்றோம். மாநில அரசுகளின் கைவினைப்பொருள் விற்பனை நிலையங்கள் அங்கே வரிசையாக நிற்கின்றன. நம் தமிழ்நாட்டின் பூம்புகாரும் அவற்றுள் ஒன்று. ஊரைவிட்டு நெடுந்தொலைவு வந்து வாழ்வோருக்கு அந்தப் பெயர்ப்பலகையே ஓர் ஆறுதல். உள்ளே தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை தலையசைத்து எங்களை வரவேற்றது. அதனருகே சுவாமிமலை நடராசர்.

தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து உருச் செய்து, அதன்மேல் காவிரியின் வண்டல் மண்ணைப் பூசி, உலர்த்திச் சூடேற்றி மெழுகை வடித்துவிட்டு, அவ்விடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றுகிறார்கள். ஆறியபின் மண் அச்சை உடைத்தால்தான் திருமேனி வெளிப்படும். ஓர் அச்சுக்கு ஒரே திருமேனி. ஆதலால் ஒன்றைப்போல மற்றொன்று இருப்பதில்லை. இத்தனை அருமையான பொருளின் அட்டையில் இருந்தது ஊரின் பெயர். வார்த்தவரின் பெயர் இல்லை.

ஊரின் பெயருக்குச் சட்டத்தின் காவல் வந்துவிட்டது. பொருள்களின் புவிசார் குறியீட்டுச் சட்டம் 1999ஆம் ஆண்டில் இயற்றப்பெற்று, 2003ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்தது. பதிவு பெற்ற ஊர்ப்பெயரை வேறிடத்தில் செய்த போலிக்குச் சூட்டி விற்பதை அது தடுக்கிறது. இது பெரும் நன்மை. ஆயினும் அச்சட்டம் காப்பது ஊரின் பெயரை, ஆளின் பெயரையன்று.

"நம் முன்னோர் பெயரை விரும்பாதவர்கள், அம்மா. கலையை இறைவனுக்கு அர்ப்பணித்துவிட்டுத் தாம் மறைந்து நின்றார்கள்" என்று நாங்கள் விளக்கம் சொன்னோம். பலகாலம் கேட்டுப் பழகிய விளக்கம் அது.

அவள் உடன்படவில்லை. "அப்படியானால் மாமா, தஞ்சைப் பெரியகோயில் கல்வெட்டில் குஞ்சரமல்லன் இராசராசப் பெருந்தச்சன் என்ற பெயர் எப்படி வந்தது? நானூறு ஆடல்மகளிரின் பெயர்களை வீட்டு எண்ணோடு வெட்டி வைத்தது யார்?" என்றாள். நாங்கள் வாயடைத்து நின்றோம். பெயரை மறைப்பதே நம் மரபு என்று சொல்லிக்கொள்வது, பெயரைக் கேட்க மறந்தவர்களுக்கு வசதியான சமாதானம் போலும்!

மாலையில் ராஜீவ் சௌக்கில் மெட்ரோ இரயில் ஏறி, ஐ.என்.ஏ. நிலையத்தில் இறங்கினோம். அருகிலேயே தில்லி ஹாட். 1994ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற இச்சந்தையில், பல மாநிலக் கைவினைஞர்கள் முறை வைத்து வந்து கடை விரிக்கிறார்கள். இங்கே பொருளைச் செய்தவரே நம் எதிரில் அமர்ந்திருக்கக் காணலாம். பீகார் மாநிலத்து மதுபனியிலிருந்து வந்த ஓர் அம்மையார், மைக்கோலால் மீன்களை வரைந்துகொண்டிருந்தார்.

மதுபனி ஓவியம் வீட்டுச் சுவரில் பெண்கள் தீட்டி வந்த கலை. 1966, 67ஆம் ஆண்டுகளில் பீகாரை வறட்சி வாட்டியபோது, அகில இந்தியக் கைவினை வாரியம் பாஸ்கர் குல்கர்னி என்ற கலைஞரை அங்கே அனுப்பியது. அவர் பெண்களிடம் தாள்களைக் கொடுத்து, சுவரில் தீட்டுவதை இதில் தீட்டுங்கள் என்றார். சுவரிலிருந்து தாளுக்கு வந்தபோது, ஓவியத்தோடு பெயரும் வெளியே வந்தது. சீதாதேவி, கங்காதேவி போன்றோரை நாடு அறிந்தது. கங்காதேவி 1984ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது பெற்றவர். அவர் தம் இறுதி ஆண்டுகளில் இந்நகரின் அருங்காட்சியகச் சுவரில் தீட்டிய மணவறை ஓவியம், 2015ஆம் ஆண்டில் சீரமைப்பு வேலையின்போது அழிந்துபோயிற்று. பெயர் பெற்ற கைக்கே இக்கதி என்றால், பெயரற்ற கைகளின் நிலையைச் சொல்லவும் வேண்டுமோ?

மீன்கள் வரைந்த தாளொன்றை இல்லத்தரசியார் எடுத்தார். விலை கேட்டார். கேட்ட மறுகணமே, பழக்கத்தால், பாதி விலைக்குக் கேட்டார். அந்த அம்மையார் முகம் சுளிக்கவில்லை. தாளைத் திருப்பி எங்கள் பக்கம் வைத்து, "தீதி, கோடுகளைக் கொஞ்சம் பாருங்கள்" என்றார் இந்தியில். குனிந்து பார்த்தோம். ஒரு மீனின் செதிலுக்குள் மயிரிழை போன்ற எத்தனையோ கோடுகள்! எண்ணத் தொடங்கிய பெண் பாதியில் கணக்கை விட்டுவிட்டாள்.

காலையில் பொன்னெழுத்துப் பெயரின்முன் திறவாத வாய், உழைத்தவர் நேரில் அமர்ந்திருக்கும் இடத்தில் திறந்ததே என்று நாங்கள் மிகவும் நாணினோம். கேட்ட விலையைக் கொடுத்தோம்.

"பெயரும் எழுதித் தாருங்கள்" என்றாள் பெண். அந்த அம்மையார் சற்றே வியந்து, தாளின் மூலையில் தம் பெயரையும் ஊரையும் மெல்ல எழுதினார். எழுதிய பின் ஒருமுறை தாமே அதைப் படித்துப் பார்த்துக்கொண்டார்.

நேயர்களே, அரசாங்க மொழிபெயர்ப்பாளரின் பக்கங்களில் அவர் பெயர் இருப்பதில்லை, இருக்க வேண்டியதுமில்லை. ஏனெனில் அவருக்கு மாதச் சம்பளம் உண்டு. கைவினைஞருக்கோ பெயரே சம்பளம். பெயர் தெரிந்தால் மீண்டும் தேடி வருவோர் உண்டு. வேலை சொல்லி அனுப்புவோர் உண்டு. பெயர் தெரியாத கையின் கூலியைக் குறைப்பதோ இடையில் நிற்பவர் எவர்க்கும் எளிது.

ஆகவே, அடுத்த முறை ஒரு புடவையோ, பொம்மையோ, படமோ வாங்கும்போது, "என்ன விலை?" என்பதற்கு முன்னால் "செய்தவர் யார்?" என்று கேளுங்கள். கடைக்காரருக்குத் தெரியாமல் இருக்கலாம். பத்துப் பேர் கேட்டால், பதினோராவது ஆளுக்காக அவர் தெரிந்துவைத்துக்கொள்வார்.

அன்றிரவு வீடு திரும்பியதும், இல்லத்தரசியார் பெட்டியைத் திறந்து, தம் திருமணத்தில் உடுத்த காஞ்சிபுரம் பட்டுப்புடவையை எடுத்தார். முந்தானையை விரித்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். வாங்கிய கடையின் பெயர் அவருக்கு நினைவிருந்தது. நெய்தவரின் பெயரை நாங்கள் கேட்டிருக்கவில்லை.