மெட்ராஸ்-53: நகரத்தின் பிறந்தநாளில் மேற்குப் புறநகரின் பங்கு



யார் நினைவாக இந்தச் சொற்பொழிவு நடக்கிறதோ, அவரைப் பற்றி மேடையில் புகழுரை வேண்டாம், அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என்று நம் ஊரைப் பற்றிப் பேசினால் போதும் என்று குடும்பத்தார் சொல்லிவிட்டார்கள். எனக்கும் அதுதான் வசதி. ஆகஸ்ட் மாதம் வேறு. சென்னைக்குப் பிறந்தநாள் மாதம்.

பிறந்தநாள் என்றதும் ஒரு சண்டையும் கூடவே வந்துவிடும். 1639 ஆகஸ்ட் 22-ஐ வைத்து நகரத்துக்கு வயது சொல்கிறார்களே, அப்படியானால் மயிலாப்பூரும் திருவல்லிக்கேணியும் அதற்கு முன் இல்லையா என்று ஒருவர் கேட்பார். நாள் ஆகஸ்டா, ஜூலையா என்று இன்னொருவர் ஆவணத்தைக் காட்டுவார். இரண்டு கேள்வியிலும் நியாயம் உண்டு. ஆனால் வருஷா வருஷம் இதே பட்டிமன்றத்தை நடத்தி நமக்குச் சலித்துவிட்டது. வயதைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் நம் திருவள்ளூர் மாவட்டத்து அத்திரம்பாக்கத்தில் கிடைத்த கற்கருவிகளுக்குச் சுமார் 15 லட்சம் ஆண்டு என்று கணித்திருக்கிறார்கள். அதற்குமேல் யாரும் மூப்புக் கொண்டாட முடியாது. அந்தப் போட்டியை அங்கேயே விட்டுவிடுவோம்.

நான் கேட்க வந்தது வேறு. அந்த 1639 கதையில் நம் பக்கத்து ஊர் ஒன்று இருக்கிறது. அது ஏன் யார் வாயிலும் வருவதில்லை?

கதையை எல்லோரும் கடற்கரையிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஃபிரான்சிஸ் டே வந்தார், மணல்மேட்டைப் பார்த்தார், கோட்டை எழுந்தது. ஆனால் அந்த மணல்மேடு யாருடையது? சந்திரகிரியிலிருந்த விஜயநகர மன்னருக்கு உட்பட்டு, தாமர்ல வெங்கடாத்ரி நாயக்கர் வந்தவாசியிலிருந்து இந்தச் சீமையை ஆண்டார். கடலோர விவகாரங்களைக் கவனித்தவர் அவருடைய தம்பி ஐயப்ப நாயக்கர். அவர் இருந்த இடம் பூந்தமல்லி. ஏற்கனவே கடை போட்டிருந்த ஆர்மகானில் வியாபாரம் சரிப்படாமல் ஆங்கிலேயர் வேறு இடம் தேடிக்கொண்டிருந்தபோது, இங்கே வாருங்கள் என்று பேச்சைத் தொடங்கி வைத்தது பூந்தமல்லிப் பக்கம்தான். துபாஷி பேரி திம்மப்பா நடுவில் நின்றார். டே துணி விலையைக் கணக்குப் பார்த்தார். ஒப்பந்தம் முடிந்தது. நாயக்கர்களின் தந்தை சென்னப்பர் பெயரால் சென்னப்பட்டணம் வந்தது. ஆக, இந்த நகரத்தின் பிறப்புச் சான்றிதழில் பூந்தமல்லிக்கும் ஒரு கையெழுத்து உண்டு. இருபது கிலோமீட்டருக்கு மேல் உள்ளே இருந்த ஊர், கடற்கரையில் யார் கடை போடலாம் என்று பேசி முடித்த காலம் அது. இன்று மெட்ரோ ரயிலின் இரண்டாம் கட்டத்தில் பூந்தமல்லி புறவழிச்சாலையையும் கலங்கரை விளக்கத்தையும் இணைத்து ஒரு வழித்தடம் போடுகிறார்கள். ஐயப்ப நாயக்கர் பார்த்திருந்தால், இதை அன்றே போட்டிருக்கலாமே என்றிருப்பார்.

நகரம் தன் பெரிய பிறந்தநாள்களை எப்படிக் கொண்டாடியது என்று பார்ப்போம். 1939-இல் முந்நூறாவது ஆண்டு. வெள்ளைக்காரன் காலம். அறிஞர்களின் கட்டுரைகளைத் திரட்டி ஒரு நினைவு மலர் போட்டார்கள். பேராசிரியர் சி.எஸ். சீனிவாசாச்சாரி நகர வரலாற்றைத் தனி நூலாகவே எழுதினார். கனமான வேலை, இன்றும் உதவுகிறது. ஆனால் அது படித்தவர்கள் படித்தவர்களுக்காகச் செய்த விழா. அடுத்த மாதமே உலகப்போர் மூண்டுவிட்டது.

1989-இல் 350. அந்த விழாவின் தொடக்கமாக ‘மெட்ராஸ் 350’ என்று ஒரு நினைவுச் சின்னம் எழுப்பினார்கள். கட்டியவர் ஃபிராங்பெட் பெர்னாண்டஸ். பழைய ஐரோப்பியச் செவ்வியல் பாணி. அதை எங்கே வைத்தார்கள் தெரியுமா? கோட்டை வாசலில் இல்லை, மெரினாவில் இல்லை. பூந்தமல்லி நெடுஞ்சாலையும் புது ஆவடி சாலையும் சந்திக்கும் முனையில். ஒரு சாலையில் பூந்தமல்லி பெயர், இன்னொன்றில் ஆவடி பெயர். இடம் கிடைத்தது என்பதற்காக வைத்தார்களோ, யோசித்துத்தான் வைத்தார்களோ, எனக்கு அது பொருத்தமாகவே படுகிறது. அந்த முனையைத் தினமும் கடந்து வேலைக்குப் போய் வருகிற நம்மில் எத்தனை பேர் பஸ் ஜன்னலிலிருந்து அதை ஏறிட்டுப் பார்த்திருப்போம்? சிக்னலில் நிற்கும்போது செல்போனைப் பார்ப்போம்.

மூன்றாவது வகைக் கொண்டாட்டம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. 2004-இல் எஸ். முத்தையா, சஷி நாயர், வின்சென்ட் டிசூசா மூவரும் ‘மெட்ராஸ் டே’ என்று ஒன்றைத் தொடங்கினார்கள். முத்தையா பள்ளத்தூரில் பிறந்தவர், கொழும்பில் பத்திரிகை வேலை பார்த்துவிட்டு வந்தவர். வெளியூரிலிருந்து வந்த மனிதர் சென்னைக்காரர்களுக்குச் சென்னையைச் சுற்றிக் காட்டினார். 1991-லிருந்து ‘மெட்ராஸ் மியூசிங்ஸ்’ என்ற பத்திரிகையை நடத்தினார். 2019-இல் காலமாகும்வரை அவர் பேனா நிற்கவில்லை.

இந்த விழாவில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அதற்குத் தலைமை அலுவலகம் கிடையாது, அரசாணை கிடையாது, விழாக் குழுவுக்கு மனுப் போட வேண்டியதில்லை. ஒருவர் தன் தெருவைச் சுற்றிக் காட்டுவார். ஒரு பள்ளியில் வினாடி வினா வைப்பார்கள். பழைய தபால்தலை வைத்திருப்பவர் அதைக் கண்காட்சியாக்குவார். ஒருநாள் விழா வாரமாகி, பிறகு வாரத்தையும் தாண்டிப் போனது இப்படித்தான். ஆனால் நிகழ்ச்சி நிரலை எடுத்துப் பாருங்கள். மயிலாப்பூர், ஜார்ஜ் டவுன், எழும்பூர், அடையாறு என்றே பெரும்பாலும் இருக்கும். பாடி மேம்பாலத்துக்கு இந்தப் பக்கம் வருவது அபூர்வம். அதற்கு நிகழ்ச்சி நடத்துபவர்கள்மேல் குறை சொல்ல மாட்டேன். யாரும் தடுக்கவில்லை, நாம் செய்யவில்லை.

ஏன் செய்யவில்லை? நாம் சென்னைதானா என்று நமக்கே சந்தேகம். மாநகராட்சி 1688 செப்டம்பர் 29-இல் தொடங்கியது. அது அம்பத்தூருக்கு வந்து சேர 323 ஆண்டு ஆயிற்று. 2011-இல் 9 நகராட்சி, 8 பேரூராட்சி, 25 ஊராட்சிகளைச் சேர்த்தபோதுதான் 174 சதுர கிலோமீட்டராக இருந்த மாநகராட்சி 426 ஆனது, நாம் ஏழாவது மண்டலம் ஆனோம். அதன்பிறகும் வருவாய்த் துறைக் கணக்கில் நாம் திருவள்ளூர் மாவட்டம். சென்னை மாவட்டத்தில் சேர 2018 ஆக வேண்டியிருந்தது. ஆவடி 2019-இல் தனி மாநகராட்சியாகிவிட்டது. பூந்தமல்லி இன்றும் நகராட்சி.

ஆனால் தபால்காரர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டு காத்திருக்கவில்லை. நாம் கிராமமாக, பேரூராக, நகராட்சியாக இருந்த காலத்திலேயே அம்பத்தூரில் நம் முகவரி ‘மெட்ராஸ்-53’. 1972-இல் பின்கோடு வந்து, அது 600053 ஆயிற்று. ஆவடிக்கு 54, பூந்தமல்லிக்கு 56, அம்பத்தூர் தொழிற்பேட்டையான எஸ்டேட்டுக்கு 58. ஊரிலிருந்து அப்பா எழுதிய இன்லேண்ட் லெட்டர், வேலைக்கான இன்டர்வியூ கார்டு, மணியார்டர் எல்லாம் சென்னை என்று போட்டுத்தான் நம் வீட்டுக்கு வந்தன. மாநகராட்சிக்கு முன்னால் நம்மைச் சென்னைக்காரர்களாக்கியது தபால் இலாகா.

நமக்கென்று சொந்தத் தேதிகள் நிறைய உண்டு. பாடி திருவலிதாயத்தையும் திருவேற்காட்டையும் சம்பந்தர் பாடியது ஏழாம் நூற்றாண்டில். திருமுல்லைவாயிலைச் சுந்தரர் பாடியிருக்கிறார். முல்லைக்கொடியில் யானையின் கால் சிக்க, தொண்டைமான் வாளால் வெட்ட, லிங்கத்தில் பட்ட கதையை அந்தக் கோயிலுக்குப் போகிற குழந்தைகூடச் சொல்லும். எருக்கந்தூண்களை எட்டிப் பார்க்காமல் யாரும் திரும்புவதில்லை. பூந்தமல்லி திருக்கச்சி நம்பி பிறந்த ஊர். இங்கிருந்து காஞ்சி வரதருக்குப் பூ சுமந்து போனவர் அவர். 1856 ஜூலை 1-இல் தென்னிந்தியாவின் முதல் ரயில் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு நம் வயல்களின் நடுவேதான் புகைவிட்டுக்கொண்டு போனது. 1955 ஜனவரியில் யு.என். தேபர் தலைமையில் காங்கிரஸ் மாநாடு ஆவடியில் கூடி, சோஷலிசப் பாணிச் சமுதாயம் என்ற தீர்மானத்தை நிறைவேற்றியது. நாட்டின் பொருளாதாரப் பாதையைப் பேசும் எந்தப் புத்தகத்திலும் ஆவடி என்ற பெயர் இருக்கும், ஆவடியில் அதைச் சொல்லும் ஆள் குறைவு. 2030-இல் அதற்கு 75 ஆண்டு. ஆவடியின் கனரக வாகனத் தொழிற்சாலையான எச்.வி.எஃப்.-இலிருந்து 1965 டிசம்பரில் முதல் விஜயந்தா டாங்கி வெளியே உருண்டது. 1971 போரில் அந்த டாங்கிகள் எல்லையில் நின்றன.

இவற்றோடு சேர வேண்டிய அம்பத்தூர் எஸ்டேட்டைப் பற்றி மட்டும் கொஞ்சம் நின்று பேச ஆசைப்படுகிறேன். காமராஜர் முதலமைச்சராகவும் ஆர். வெங்கட்ராமன் தொழில் அமைச்சராகவும் இருந்த ஆட்சியில் கிண்டியில் தொழிற்பேட்டை பிறந்தது. அதற்கு அடுத்து, அதைவிடப் பல மடங்கு பெரிதாக அம்பத்தூர் எஸ்டேட் 1964-இல் வந்தது. ஏற்கனவே பக்கத்தில் டி.ஐ. சைக்கிள் இருந்தது, பாடியில் வீல்ஸ் இந்தியா, லூகாஸ் டி.வி.எஸ்., பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம் கிளேட்டன் என்று வரிசையாக வந்துகொண்டிருந்தன. பெரிய கம்பெனிக்கு வேண்டிய சின்னச் சின்ன பாகங்களைச் செய்து கொடுக்க ஆள் வேண்டும். அந்த ஜாப் ஒர்க்கை நம்பித்தான் எஸ்டேட் செழித்தது.

எஸ்டேட்டின் சந்து ஒன்றில் பழைய லேத்துப் பட்டறைக்குள் போய்ப் பாருங்கள். கூலன்ட் எண்ணெய் வாடை முதலில் அடிக்கும். தரையில் நீலம் பாரித்த இரும்புச் சுருள்கள், வெறுங்காலில் மிதித்தால் அவ்வளவுதான். சுவரில் ஆயுத பூஜைக்கு இட்ட சந்தனம் அடுத்த ஆயுத பூஜைவரை இருக்கும். மூத்த டர்னர் தன் மைக்ரோமீட்டரை யாரிடமும் கொடுக்க மாட்டார். பனியன் துணியில் சுற்றி மரப்பெட்டியில் வைத்திருப்பார். வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்து, சக்கரத்தை இரண்டு விரலால் மெதுவாகத் திருப்பி, ‘டிக்’கென்று சத்தம் கேட்டதும் அளவைச் சொல்வார். ஒரு மில்லிமீட்டரை நூறாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு கூடினாலும் பீஸ் ரிஜெக்ட். அந்தக் கைப்பக்குவத்தில் வீட்டு வாடகை, பிள்ளைகளின் ஃபீஸ், கிருஷ்ணாபுரத்திலோ மேனாம்பேட்டிலோ கொரட்டூரிலோ முக்கால் கிரவுண்டில் ஒரு வீடு. நம்மில் பாதிப் பேரின் குடும்பக் கதை இதுதான்.

இன்று பல மனைகளில் பட்டறை போய்க் கண்ணாடிக் கட்டடம் எழுந்துவிட்டது. அது வரக்கூடாது என்று நான் சொல்லவில்லை, அங்கே வேலைக்குப் போவதும் அதே டர்னரின் மகள்தான். என் கவலை வேறு. கோட்டையைப் பற்றி ஆவணம் இருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் எல்லாவற்றையும் எழுதி வைத்தார்கள், நூறு வருஷம் முன்பே அவற்றைப் பதிப்பித்தும் விட்டார்கள். எஸ்டேட்டில் முதல் ஷிப்டுக்கு வந்தவர்களுக்கு இன்று எண்பது வயது. அவர்கள் எழுதி வைத்தது ஒன்றுமில்லை. பட்டறை மூடும்போது கணக்கு நோட்டுகளைப் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டுவிட்டுப் போகிறார்கள்.

இப்போது கணக்குப் பாருங்கள். 2039-இல் சென்னைக்கு 400. அதே 2039-இல் அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு 75. இரண்டு விழா ஒரே ஆண்டில். 400 பெரிய விழாவாக இருக்கும், அரசு நடத்தும், தபால்தலை வரும், கோட்டைக்கு விளக்குப் போடுவார்கள். அந்த மேடையில் நமக்கு நாற்காலி கேட்பதைவிட, அதே ஆகஸ்டில் நம் ஊரிலேயே கூட்டம் கூட்டுவதுதான் நான் விரும்புவது. முத்தையாவும் நண்பர்களும் காட்டிய வழியில் இதற்கு யார் அனுமதியும் தேவையில்லை.

ஏரிகளையும் நம் ஊர்க் கதையில் சேர்க்க வேண்டும். செம்பரம்பாக்கமும் புழலும் நிரம்பினால் நகரத்துக்குத் தண்ணீர். செம்பரம்பாக்கத்தின் முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி, 24 அடி ஆழம். 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது அந்த எண்களை நாம் தேர்வுக்குப் படிப்பதுபோல மனப்பாடம் செய்தோம். நகரம் குடிக்கிற தண்ணீரில் பெரும்பங்கு நம் பக்கத்து ஏரிகளில் நின்று போகிறது என்பது, பிறந்தநாள் மலரில் ஒரு பக்கமாவது பெற வேண்டிய செய்தி.

ஆகவே உங்களிடம் ஒரு வேலை கேட்கிறேன். வீட்டுப் பரணில் பழைய டிரங்க் பெட்டி இருக்கும். அதில் கேட் பாஸ், அப்ரென்டிஸ் சான்றிதழ், சங்கத்துச் சந்தா ரசீது, போனஸ் போராட்ட நோட்டீஸ், ‘மெட்ராஸ்-53’ என்று முகவரி எழுதிய கடிதம், எச்.வி.எஃப். குவார்ட்டர்ஸில் எடுத்த கல்யாண போட்டோ எதுவாக இருந்தாலும் எடைக்குப் போடாதீர்கள். கல்லூரிப் பிள்ளைகள் சிலர் இங்கே முன்வரிசையில் இருக்கிறார்கள். வாசலில் ஒரு மேஜை போட்டிருக்கிறோம். பெயரையும் செல் நம்பரையும் எழுதிவிட்டுப் போங்கள். பிள்ளைகள் வீட்டுக்கே வந்து ஸ்கேன் செய்துவிட்டு, அசலை உங்கள் கையிலேயே கொடுத்துவிடுவார்கள். தாத்தாவோ பாட்டியோ பேசக்கூடிய நிலையில் இருந்தால், செல்போனிலேயே அவர் குரலைப் பதிவு செய்யச் சொல்லியிருக்கிறேன். எந்த ஷிப்ட், எந்த பஸ், எந்த மெஸ், முதல் சம்பளம் எவ்வளவு என்பதிலிருந்து ஆரம்பித்தால் போதும், மற்றது தானாக வரும். முதல் பெயராக என் பெயரை எழுதிவிட்டுத்தான் மேடை ஏறினேன்.