கோழியின் காலும் சூரிய வெளிச்சமும்



கோழிக்குஞ்சின் கால் வளைந்து நடக்க மாட்டாமல் குந்திவிடுவதும், முட்டை ஓடின்றித் தோலோடு விழுவதும் பலர் கண்டவையே. திருஷ்டி என்று சொல்லிச் சுற்றிப் போடுவோரும் உளர். கால் தளர்ச்சிக்கு வேறு நோய்களும் காரணமாகலாம். ஆயினும் எலும்பு வளையுமானால், 'டி' என்னும் ஜீவசத்துக் குறைந்ததோ என்று முதலில் ஆராய வேண்டும்.

ஒரு முட்டையின் ஓட்டில் ஏறக்குறைய 2 கிராம் சுண்ணாம்புச் சத்து உண்டு. அதைத் தீனியிலிருந்து குடல் கிரகிப்பதற்கு இந்த ஜீவசத்து வேண்டும். இல்லையேல் கிளிஞ்சலை எவ்வளவு வாரி இறைத்தாலும் பெரும்பகுதி எச்சத்தோடு போய்விடும்; காசும் அதனோடு போகும்.

அமெரிக்காவில் விஸ்கான்ஸின் சர்வகலாசாலையில் ஹார்ட், ஸ்டீன்பாக் முதலியோர் 1923-ல், குஞ்சுகளின் கால் தளர்ச்சிக்கும் வெளிச்சக் குறைவுக்கும் உள்ள சம்பந்தத்தை எடுத்துக் காட்டினர். கோழியின் தோலில் உள்ள ஒரு பொருள் சூரிய கிரணம் பட்டு இச்சத்தாக மாறுகிறது. இறகு மூடிய முதுகைவிட, இறகில்லாத காலின் தோலிலேயே அப்பொருள் மிகுதி. கண்ணாடி ஜன்னல் வழியே வரும் வெளிச்சம் இதற்கு உதவாது. அவ்வேலையைச் செய்யும் கிரணங்களைக் கண்ணாடி தடுத்துவிடும். குஞ்சுகளைக் கூடையிட்டு மூடிச் சாக்கும் போர்த்தி வைப்பவர் பருந்துக்குத் தப்பலாம். இந்நோய்க்குத் தப்ப முடியாது.

தீனியில் சேர்ந்த 'டி' சத்தோ, கொழுப்பிலே கரைந்து பித்தநீரின் துணையால் குடலில் ஏறுகிறது. பிறகு ஈரலிலும் சிறுநீரகத்திலும் உருமாறியே வேலை செய்கிறது. உபயோகமானதில் ஒரு பகுதி பித்தத்தோடு குடலுக்குத் திரும்பி எச்சத்தில் கழியும். இன்னொரு பகுதி மஞ்சட்கருவில் சேரும். கருவிலுள்ள குஞ்சுக்கு அதுவே கட்டுச்சோறு. தாய்க்கோழியிடம் குறைந்தால் குஞ்சு பொரிப்பதும் குறையும்.

தீனி வாங்கும் சங்கத்தார் கவனிக்க வேண்டியது ஒன்று. ஈஸ்ட் முதலியவற்றிலிருந்து எடுக்கும் 'டி2' வகையைக் கோழியுடல் விரைவில் கழித்துவிடுகிறது. 'டி3' தரும் பலனில் பத்தில் ஒரு பங்குகூட அதில் கிடைப்பது அரிது. ஆகையால் சீட்டில் 'டி3' என்று இருக்கிறதா எனப் பார்த்தே வாங்குக. இக்காலத்தில் அது பெரும்பாலும் ஆட்டு ரோமத்தின் கொழுப்பிலிருந்து தயாராகிறது.

நல்லதாயிற்றே என்று அளவுக்கு மேல் கலப்பதும் ஆகாது. கொழுப்பில் கரையும் சத்தாதலால் மிகுதியானது எளிதில் வெளியேறாது; உடலில் தங்கிச் சிறுநீரகத்தில் சுண்ணாம்பு படியச் செய்யும். 'டி3' சேர்த்தே விற்கப்படும் தீனியோடு மருந்தை மறுபடியும் கலப்பவர்கள் இதனை முக்கியமாகக் கவனிக்க வேண்டும்.