இரத்தத்தைக் கழுவும் இயந்திரம்

(பெட்டாலிங் ஜெயாவில் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களிடையே ஆற்றிய உரை)



சம்பளத்தையும் வீட்டையும் பற்றிப் பேசுகிற மேடையிலே, இன்று உடம்பைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். உடம்பு இருந்தால்தானே சம்பளம்?

நான் பால்வெட்டுக்காரரின் மகன். படித்துக் கிராணியானேன். நான் வேலை பார்த்த தோட்டத்திலேயே என் அக்காளின் கணவர் பால் வெட்டினார். ஒரு வருஷம் அவர் அடிக்கடி பெரட்டுக்கு வரவில்லை. செக்ரோலிலே ‘வரவில்லை’ என்று என் கையாலேயே எழுதினேன். “அத்தான், சோம்பேறித்தனம் வேண்டாம்” என்று பலர் முன்னிலையில் சொன்னேன். அவர் பதில் பேசவில்லை. கால் வீங்கியிருந்ததையும், காண்டா வாளியைத் தூக்கினால் மூச்சு வாங்கியதையும் என்னிடம் சொல்லவில்லை. மூட்டுவலி என்று நினைத்துக் கடையிலே வலி மாத்திரை வாங்கி விழுங்கி வந்தார். ஒரு நள்ளிரவில் மூச்சுத் திணறி, அவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் சென்றபோதுதான் விஷயம் தெரிந்தது. இரண்டு சிறுநீரகங்களும் கெட்டிருந்தன.

தோழர்களே! சிறுநீரகம் என்ன வேலை செய்கிறது? நம் முதுகுப் பக்கத்திலே கைமுட்டி அளவில் இரண்டு இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் சுமார் 10 லட்சம் சின்னஞ்சிறு வடிகட்டிகள் உண்டு. இரண்டும் சேர்ந்து நாள் ஒன்றுக்கு ஏறத்தாழ 180 லிட்டர் நீரை வடித்து, வேண்டியதை உடம்புக்கே திருப்பிக் கொடுத்துவிட்டு, ஒன்றிரண்டு லிட்டரை மட்டும் சிறுநீராக வெளியே தள்ளுகின்றன. அவற்றின் வேலைத்திறன் நூற்றுக்கு 15 பங்குக்கும் கீழே இறங்கினால், கழிவும் தண்ணீரும் உடம்பிலேயே தேங்கத் தொடங்கும்.

அந்த நிலையிலே கைகொடுப்பதுதான் டயாலிசிஸ் என்னும் இரத்தச் சுத்திகரிப்பு. பால் ஸ்டோரில் பாலை வடிகட்டுவதைப் பார்த்திருக்கிறீர்கள். அங்கே வேண்டாத குப்பை தங்குகிறது; வேண்டிய பால் இறங்குகிறது. இங்கே வேண்டிய இரத்த அணுக்கள் தங்குகின்றன. வேண்டாத கழிவு இறங்குகிறது. இரத்தத்தைக் குழாய் வழியே வெளியே எடுத்து, மயிரிழை போன்ற ஆயிரக்கணக்கான குழல்களுக்குள் ஓடவிட்டு, வெளிப்புறம் மருந்து நீரைப் பாய்ச்சி, கழுவிய இரத்தத்தை உடம்புக்கே திருப்புகிறார்கள். வாரத்துக்கு 3 முறை. ஒவ்வொரு முறையும் சுமார் 4 மணி நேரம். வீட்டிலேயே வயிற்றுக்குள் மருந்து நீரை ஏற்றி இறக்கும் முறையும் உண்டு.

இது யாரோ பணக்காரனுக்காகக் கண்டுபிடித்த சாமான் அன்று. 1943-ல் ஜெர்மானியர் பிடியிலே இருந்த ஹாலந்து நாட்டில், கோல்ஃப் என்ற டாக்டர், இறைச்சி அடைக்கும் செலோஃபேன் உறையை மர உருளையிலே சுற்றி, நடைமுறைக்கு ஏற்ற முதல் இயந்திரத்தைச் செய்தார். தொடக்கத்திலே வந்த நோயாளிகள் பெரும்பாலும் மாண்டனர். அவர் விடவில்லை. 1945-ல் 67 வயது மாது ஒருவர் பிழைத்தெழுந்தார். 1960-ல் அமெரிக்காவின் சியாட்டில் நகரிலே ஸ்க்ரிப்னர் என்ற டாக்டர், கையிலே நிலையான குழாய் பொருத்தும் வழி கண்டார். அதன் பின்னரே நாள்பட்ட நோயாளியும் வருஷக்கணக்கில் வாழ முடிந்தது.

இதே பெட்டாலிங் ஜெயாவிலே, 1969-ல் தோன்றிய தேசிய சிறுநீரக அறக்கட்டளை இருக்கிறது. ஏழைகளுக்காக நாட்டின் பல இடங்களிலே சுத்திகரிப்பு நிலையங்களை நடத்துகிறது. அரசாங்க ஆஸ்பத்திரிகளிலும் வசதி உண்டு. சொக்சோவில் சந்தா கட்டியவர்களுக்கு, விதிகளுக்கு உட்பட்டு, டயாலிசிஸ் உதவி கிடைக்கிறது. உங்கள் சம்பளத்திலே பிடித்த காசு அது. கேட்டுப் பெறக் கூச்சம் எதற்கு?

“மெஷினிலே போட்டால் ஆள் முடிந்தான்” என்று லயத்திலே பேசுகிறார்கள். அது தவறு. மெஷின் ஆளைக் கொல்வதில்லை. காலம் கடந்து போவதுதான் கொல்கிறது. முன்னதாகப் போனால், கையிலே தமனியையும் சிரையையும் இணைத்து வைப்பார்கள். அது தடித்துத் தயாராக வாரங்கள் ஆகும். என் அத்தானுக்கு அந்த அவகாசம் இல்லை. கழுத்திலே குழாய் செருகித்தான் முதல் சுத்திகரிப்பு நடந்தது. ஆயினும் மூன்றாம் நாள் எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டார். அதன் பிறகு ஒன்பது ஆண்டுகள் வாழ்ந்து, மகளின் கல்யாணத்தைக் கண்ணாரக் கண்டார்.

இலகுவான வாழ்க்கை என்று சொல்லமாட்டேன். இயந்திரம் சிறுநீரகத்தின் வேலையில் ஒரு பகுதியைத்தான் செய்யும். தண்ணீரை அளந்து குடிக்க வேண்டும். கருவாடு, உப்பு, இளநீர், வாழைப்பழம் எல்லாவற்றுக்கும் கணக்கு உண்டு. பெலிம்பிங் பழத்தைத் தொடவே கூடாது; சிறுநீரகம் கெட்டவருக்கு அது விஷம். இணைப்புப் போட்ட கையால் காண்டா வாளி தூக்கக் கூடாது. மாற்றுச் சிறுநீரகம் கிடைத்தால் இன்னும் நல்லது. கோலாலம்பூர் ஆஸ்பத்திரியில் 1975-லேயே அந்தச் சிகிச்சை நடந்தது. ஆனால் கொடுப்பவர் குறைவு.

ஆதலால் நோய் வருமுன் காப்பதே அறிவுடைமை. இந்நாட்டில் புதிதாக டயாலிசிஸுக்கு வருபவரில் பாதிப்பேருக்கு மேல் நீரிழிவுக்காரர்கள். 2019-ல் அரசாங்கம் எடுத்த கணக்கின்படி, வயது வந்த இந்தியரில் 100-க்குச் சுமார் 31 பேருக்கு நீரிழிவு! இனிப்பு தேத்தண்ணீரைக் குறையுங்கள். இரத்தக் கொதிப்பைப் பாருங்கள். வருஷம் ஒரு முறையாவது சிறுநீரையும் இரத்தத்தையும் சோதியுங்கள். சிறுநீர் நுரைத்தாலோ, கால் வீங்கினாலோ காத்திராதீர்கள். டாக்டரைக் கேட்காமல் வலி மாத்திரையை நாள்தோறும் விழுங்காதீர்கள்.

சங்கத்துக்கும் ஒரு வேலை உண்டு. டயாலிசிஸ் நாளிலே போக்குவரத்துக்கு வண்டி, பளு இல்லாத மாற்று வேலை, வேலை நேரத்தை மாற்றிக்கொள்ளும் உரிமை ஆகிய மூன்றையும் நிர்வாகங்களிடம் நாம் கேட்க வேண்டும்.

கிராணிமார்களே, உங்களுக்கு ஒரு வார்த்தை. செக்ரோலிலே ‘வரவில்லை’ என்று எழுதுமுன், ஏன் வரவில்லை என்று அந்த வீட்டுக்குப் போய்க் கேளுங்கள். நான் கேட்கவில்லை. அத்தான் என்னை மன்னித்துவிட்டார். ஆனால் அந்தப் பக்கத்தை நான் இன்றளவும் மறக்கவில்லை.