ஆப்கான் மலைகளும் அந்நியப் படைகளும்



1842ஆம் ஆண்டு சனவரி மாதம் 13ஆம் நாள், ஜலாலாபாத் கோட்டை மதிலில் நின்ற பிரித்தானியக் காவலர், களைத்த குதிரையொன்றின்மேற் காயமுற்ற ஒருவர் தள்ளாடி வருவதைக் கண்டனர். அவர் வில்லியம் பிரைடன் என்னும் படை வைத்தியர். ஒரு வாரத்துக்கு முன் காபூலை விட்டுப் புறப்பட்ட ஏறக்குறைய 16,000 பேருள், சிறைப்படாது அக்கோட்டையை வந்தடைந்த பிரித்தானிய அதிகாரி அவர் ஒருவரே. வரலாற்று நூல்கள் இச்செய்தியைப் பெரிதும் பேசும். ஆனால், அந்த 16,000 பேருட் படைவீரர் 4,500 பேர் அளவினரே. ஏனையோர் தண்ணீர் சுமப்போர், சமையலாளர், குதிரைக்காரர், அவர்தம் மனைவி மக்கள். பெரும்பாலார் இந்தியச் சமவெளியிற் பிறந்து, மலைக்குளிருக்குப் பழகாதவர். பிரைடனின் பெயர் நின்றது. அவர்களுடைய பெயர்களை எழுதி வைப்பாரில்லை. போரின் செலவைக் கணக்கிடுவோர் முதலில் நினைக்கவேண்டியது இவ்வேறுபாட்டையே.

அப்படை அங்கே சென்றது ஏன்? ருசியப் பேரரசு இந்தியாவை நெருங்கிவிடும் என்ற அச்சத்தால், ஆங்கில ஆட்சியாளர் 1839இல் தோஸ்த் முகம்மதுவை நீக்கி, ஷா சுஜாவை அரியணையில் இருத்தினர். யூலையிற் கஸ்னி வீழ்ந்தது. ஓகஸ்டிற் காபூல் பணிந்தது. புகுதல் எளிதாயிற்று, நிலைத்தலே அரிதாயிற்று. புதிய மன்னரைத் தாங்கியவை அந்நியரின் துப்பாக்கியும் பணமுமே. 1841இற் சிக்கனங் கருதி, கணவாய்களைக் காத்த கில்சாய்த் தலைவர்களுக்குக் கொடுத்துவந்த பணத்தைக் குறைத்தனர், கணவாய்கள் அடைபட்டன. நவம்பரிற் காபூலிற் கிளர்ச்சி மூண்டது. அடுத்த ஆண்டு மீண்டும் வந்த ஆங்கிலப் படை, காபூலின் பெருங் கடைவீதியை அழித்துவிட்டுத் திரும்பிற்று. ஷா சுஜா அதற்கு முன்னரே கொல்லப்பட்டிருந்தார். 1843இல் தோஸ்த் முகம்மதுவே மீண்டும் அரசரானார். இத்துணை உயிரும் பொருளும் இழந்து பெற்றது, தொடக்கத்தில் இருந்த அதே அரசன்.

137 ஆண்டுகளின் பின், 1979 டிசம்பரிற் சோவியத்துப் படை வடக்கேயிருந்து புகுந்தது. அப்போது ஆண்ட ஹபிசுல்லா அமீனைக் கொன்று, பப்ராக் கர்மாலை ஆட்சியில் இருத்தியது. எதிர்த்து நின்ற முஜாகிதீன்களுக்கு அமெரிக்கா, பாகிஸ்தான், சவூதி அரேபியா ஆகிய நாடுகள் உதவி புரிந்தன. 1989 பெப்ரவரி 15ஆம் நாள் கடைசிப் படையணி ஆமு தாரியா ஆற்றுப் பாலத்தைக் கடந்து சென்றபோது, சோவியத்து வீரர் ஏறக்குறைய 15,000 பேர் மாண்டிருந்தனர். ஆப்கானியர் மடிந்த தொகை 10 இலட்சம் வரை இருக்கலாம் என மதிப்பிடுவர். 50 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பாகிஸ்தானிலும் ஈரானிலும் அகதிகளாயினர். பின்னர் ஆண்ட நஜிபுல்லாவின் அரசு மொஸ்கோவின் உதவியால் மூன்றாண்டு நின்றது. சோவியத்து ஒன்றியம் கலைந்து உதவி அற்றதும், 1992 ஏப்ரலில் வீழ்ந்தது. வெற்றி பெற்றோர் தம்முட் பொருதனர். காபூல் நகரம் பாழாயிற்று. 1996இல் தலிபான் இயக்கத்தினர் அதனைக் கைப்பற்றினர்.

மூன்றாவது யுத்தத்திற்குக் காரணம், 2001 செப்டெம்பர் 11ஆம் நாள் அமெரிக்காவில் ஏறக்குறைய 3,000 பேரைப் பலிகொண்ட தாக்குதல். அதனை நடத்திய அல்கைதாவுக்குத் தலிபான் ஆட்சி புகலிடம் கொடுத்திருந்தது. ஒக்டோபர் 7ஆம் நாள் போர் தொடங்கிற்று. இரண்டு மாதத்துள் அவ்வாட்சி சரிந்தது. அதன்பின் பள்ளிகள் பெருகின. பெண் பிள்ளைகள் பல இலட்சக்கணக்கிற் கல்வி கற்றனர். இந்நன்மையை மறைப்பது நேர்மையன்று. எனினும், புதிய அரசின் படைக்குச் சம்பளமும் எரிபொருளும் விமானப் பராமரிப்பும் அந்நியர் கையையே எதிர்பார்த்திருந்தன. அந்தக் கை விலகியது. 2021 ஓகஸ்ட் 15ஆம் நாள் தலிபான்கள் மீண்டும் காபூலிற் புகுந்தனர்.

அந்த இருபதாண்டுப் போருக்கு அமெரிக்கா ஈந்த விலை 2.3 இலட்சம் கோடி டொலர் என, அந்நாட்டின் பிரவுண் பல்கலைக்கழக ஆய்வாளர் கணக்கிட்டனர். போரிற் பங்குகொண்ட வீரரின் எதிர்காலப் பராமரிப்புச் செலவு இதிற் சேரவில்லை. அமெரிக்க வீரர் 2,400 பேருக்கு மேல் மாண்டனர். ஆப்கான் பொதுமக்களுள் 46,000 பேருக்கு மேலும், ஆப்கான் படையினரும் பொலிசாருமாக ஏறக்குறைய 69,000 பேரும் மாண்டனர் என்பதும் அவ்வாய்வின் கணக்கே.

மூன்று பேரரசுகளும் வீரத்தாற் குறைந்தவையல்ல, படைக்கலத்தாலும் குறைந்தவையல்ல. மக்களிடமிருந்து வரவேண்டிய இசைவைப் பணத்தாலும் படையாலும் பெற்றுவிடலாம் என்று எண்ணியதே அவற்றின் பிழை. அப்பிழைக்கு, எண்ணியவர் கொடுத்த விலை சிறிது. எண்ணாதவர் கொடுத்த விலை பெரிது. படைகள் திரும்பிவிட்டன. ஆனால், வயல்களிற் புதைந்து கிடக்கும் வெடிபொருள்கள் இன்றும் விளையாடும் சிறுவரின் காலைப் பறிக்கின்றன. 2021இல் ஆறாம் வகுப்புக்கு மேற்பட்ட பெண் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கதவு மூடப்பட்டது. 2022 டிசம்பரிற் பல்கலைக்கழகக் கதவும் மூடப்பட்டது. கதவை மூடியவர் ஆப்கானியரே. அப்பொறுப்பு அவர்களையே சாரும். ஆயினும், கதவைத் திறந்துவிட்டதாகக் கூறிச் சென்றோர், அது தாம் சென்றபின்னும் திறந்திருக்க என்ன வழி செய்தனர் என்ற கேள்வியும் நிற்கின்றது. பாதியிற் புத்தகத்தை மூடிவைத்த அச்சிறுமியின் இழப்பு எந்தத் தொகையிலும் சேர்க்கப்படவில்லை.